பஸ்ஸுக்குப் பெரிய நாவல், ஞாயிற்றுக்கிழமைக்குச் சின்ன நாவல்

வேலை நாளில் சின்னப் புத்தகம், லீவு விட்டால் பெரிய நாவல் என்று பலரும் பிரித்து வைத்திருக்கிறார்கள். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் தமிழ் நாவல்களில் பாதிக்கு இந்தக் கணக்கு அப்படியே தலைகீழ்.

பொன்னியின் செல்வனை எடுத்துக்கொள்ளுங்கள். ஐந்து பாகம், ஏறத்தாழ 300 அத்தியாயம். அடுக்கி வைத்துப் பார்த்தாலே ஒரு மாத லீவு கேட்கத் தோன்றும். ஆனால் அது 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் வாராவாரம் வந்த தொடர். ஒரு வாரம் வீட்டு வேலை, ஆபீஸ் வேலை எல்லாம் பார்த்துவிட்டுத் திரும்பி வருகிறவருக்காகவே எழுதப்பட்டது. அதனால் அத்தியாயங்கள் சின்னவை. யாராவது சிக்கலில் மாட்டியதும் அத்தியாயம் முடிந்துவிடும். நாம் மறந்திருப்போம் என்று தெரிந்து ஆசிரியரே இடையில் வந்து பழசை எடுத்துக் கொடுப்பார். பஸ்ஸில் உட்கார இடம் கிடைத்தால் போதும், இறங்குவதற்குள் ஒரு அத்தியாயம் ஆகிவிடும். நாலு நாள் தொடாமல் விட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகாது. ஜெயமோகனின் வெண்முரசு 26 நாவல் என்றதும் பயப்படுகிறவர்கள் உண்டு. அதுவும் 2014 முதல் 2020 வரை இணையத்தில் தினம் ஒரு அத்தியாயமாக வந்ததுதான். மொழி கனமானது என்பது வேறு விஷயம்.

இந்தப் பக்கம் வாடிவாசல். சி.சு. செல்லப்பா 1959இல் வெளியிட்டது, நூறு பக்கத்துக்குள் அடங்கும். ஒரே மாலை, ஒரே ஜல்லிக்கட்டு. அப்பா அம்புலியின் சாவுக்குக் காரணமான காரிக் காளையை அடக்கப் பிச்சி காத்திருக்கிறான். அந்தக் காத்திருப்புதான் நாவலே. பாதியில் மூடி வைத்துவிட்டு ராத்திரி மீதியைப் படித்தால் கதை புரியும், காரி வந்து நிற்கும்போது வயிற்றில் வர வேண்டிய கலக்கம் மட்டும் வராது. ஜி. நாகராஜனின் ‘நாளை மற்றுமொரு நாளே’யும் கந்தனின் ஒரு நாளைத்தான் சொல்கிறது. அதை ஒரு வாரத்துக்கு இழுத்தால் அந்த நாள் சிதறிவிடும். சின்ன நாவலுக்குத்தான் போனை அணைத்து வைத்த ஒரு முழு மதியம் வேண்டும்.

சின்னது என்றால் சீக்கிரம் முடியும் என்பதும் எப்போதும் சரியில்லை. லா.ச.ரா.வின் அபிதா ஒல்லியான புத்தகம்தான். வேகமாகப் படித்தால் கையில் ஒன்றும் நிற்காது.

அப்படியானால் எல்லாப் பெரிய நாவலும் பஸ்ஸுக்கு ஆகுமா? ஆகாது. சு. வெங்கடேசனின் காவல் கோட்டம் தொடராக வராமல் 2008இல் நேரே நூலாக வந்தது. ஆயிரம் பக்கத்துக்கு மேல், மதுரையின் பல நூற்றாண்டுகள். தலைமுறைகள் மாறிக்கொண்டே போகும், பெயர்கள் வந்துகொண்டே இருக்கும். ஒரு வாரம் விட்டுவிட்டு வந்தால் இவர் யாருடைய பேரன் என்று பின்னால் புரட்ட வேண்டியதுதான். லீவு போட்டுப் படிக்க வேண்டிய பெரிய நாவல் என்றால் இதைச் சொல்லலாம். அதைக் கையில் பிடித்துக்கொண்டு பஸ்ஸில் நிற்கவும் முடியாது.

பெரியது, சின்னது இரண்டையும் ஒரே சமயத்தில் வைத்துக்கொள்ளலாமா என்றால், துணைக்கு எது என்பதைப் பொறுத்தது. தொடராக வந்த நாவலோடு வாடிவாசல் மாதிரி ஒன்றை ஞாயிற்றுக்கிழமை தாராளமாகச் சேர்க்கலாம். ஆனால் காவல் கோட்டம் ஓடிக்கொண்டிருக்கும்போது பக்கத்தில் இன்னொரு நாவலை, சின்னதாக இருந்தாலும், வைக்க மாட்டேன். இரண்டு ஊர் ஜனமும் ஒன்றாகக் கலந்துவிடும். கவிதையோ கட்டுரையோ இருந்தால் உறுத்தாது.

அப்புறம், வருஷத்துக்கு ஐம்பது புத்தகம் என்று டார்கெட் வைக்கிறவர்கள். அந்தக் கணக்கில் அபிதாவும் ஒன்று, காவல் கோட்டமும் ஒன்று. டிசம்பர் வந்ததும் கை தானாக ஒல்லிப் புத்தகங்களின் பக்கம் போகும். தடிமனான புத்தகம் புத்தகக் கண்காட்சியில் வாங்கிய கவரோடு அலமாரியிலேயே கிடக்கும். எண்ணிக்கை வேண்டும் என்ற ஆசை இருந்தால் பொன்னியின் செல்வனை ஐந்தாக எண்ணிக்கொள்ளுங்கள், யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை.