"ஸ்பீக்கர் ஓட்டை வெட்டும்" என்று விற்கப்படும் சின்ன சிஎன்சி மெஷின்: பணம் கட்டும் முன் பார்க்க வேண்டியவை

ஸ்பீக்கர் பாக்ஸ் செய்வதற்கென்றே, மேஜை மேல் வைத்து ஓட்டுகிற சிஎன்சி மெஷின் ஒன்றை, அதாவது கம்ப்யூட்டர் சொல்கிற பாதையில் பலகையை வெட்டும் மெஷினை, ஆன்லைனில் வாங்கினேன். "18 மி.மீ. எம்டிஎஃப் பலகையில் 8 இஞ்ச் ஊஃபருக்கு ஓட்டை வெட்டும்" என்று விளம்பரத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள் (எம்டிஎஃப் என்பது மரநாரைப் பசையோடு அழுத்திச் செய்த பலகை; ஊஃபர் என்பது பேஸ் ஒலிக்கான ஸ்பீக்கர்). வெட்டாது. அந்த மெஷினால் முடியவே முடியாத வேலை அது. கடையின் பெயரைச் சொல்லப்போவதில்லை. இதே மெஷின் வேறு வேறு பெயர்களில் விற்கிறது; ஒன்றைச் சொன்னால் மற்றதெல்லாம் தேவலை என்று ஆகிவிடும்.

முதல் பொய் அளவில். வேலைப் பரப்பு 300-க்கு 300 மி.மீ. என்றார்கள். கீழே கிடக்கிற அலுமினியத் தட்டுதான் அந்த அளவு. பிட் (சுழன்று வெட்டும் முனை) போய் வருகிற தூரம் ஒரு பக்கம் 260, இன்னொரு பக்கம் 180. பெரும்பாலான 8 இஞ்ச் ஊஃபர்களுக்கு ஓட்டையே 185 மி.மீ.யை ஒட்டி வரும். விளிம்பு பலகையோடு சமமாக உட்கார வேண்டுமென்றால் அதைச் சுற்றி 210, 220 மி.மீ. விட்டத்தில் பள்ளமும் எடுக்க வேண்டும். 220 மி.மீ. வட்டத்தை 3 மி.மீ. பிட்டால் உள்பக்கமாக வெட்டினால், பிட்டின் மையம் இரண்டு திசையிலும் 217 மி.மீ. நகர்ந்தாக வேண்டும். 180-க்குள் எப்படி நகரும்? "பலகையைத் திருப்பி வைத்து இரண்டு பாதியாக வெட்டிக்கொள்ளுங்கள்" என்று பதில் வந்தது. இரண்டு அரைவட்டங்களைப் பிசிறில்லாமல் சேர்க்கத் தெரிந்தவருக்கு மெஷினே எதற்கு?

சரி, 8 இஞ்ச் போகட்டும், 6.5 இஞ்சுக்காவது ஆகட்டும் என்று இறங்கினால் அடுத்த பொய். பிட்டைச் சுழற்றும் மோட்டாரான ஸ்பிண்டில் 500 வாட் என்று எழுதியிருந்தது. கூட வந்த அடாப்டரைத் திருப்பினால், அடியில் ஒட்டிய ஸ்டிக்கரில் 24 வோல்ட், 5 ஆம்பியர். பெருக்கிப் பாருங்கள், 120 வாட். அதற்குள்தான் ஸ்பிண்டில், பிட்டை நகர்த்தும் மூன்று ஸ்டெப்பர் மோட்டார், கன்ட்ரோலர் போர்டு எல்லாம் ஓட வேண்டும். மீதி 380 வாட் எங்கிருந்து வரும் என்று கேட்டேன். "அது பீக் பவர்" என்றார்கள், கணநேரத்துக்கு மட்டும் எட்டும் உச்ச அளவாம். இந்தப் பீக் பவர் கதையை மலிவு ஆம்ப்ளிஃபயர் வாங்கிய எவரும் முன்பே கேட்டிருப்பார்கள்.

கூட வந்த பிட்டுகளோ எல்லாமே கூர் நுனி வைத்த வி பிட். பெயர்ப் பலகையில் எழுத்து செதுக்க நல்லது. தடித்த பலகையை அறுக்க உதவாது. நேர் பிட் தனியாக வாங்கினேன். 3.175 மி.மீ. தண்டு உள்ள பிட்டுகளில் வெட்டும் பகுதி பெரும்பாலும் 17 மி.மீ.க்கு மேல் இருப்பதில்லை. பலகையோ 18. கடைசி மில்லிமீட்டரில் தண்டு மரத்தோடு உரசி, விளிம்பு கருகி, புகை கிளம்பியது. ஓடுகிற மெஷினை விட்டுவிட்டு அடுத்த அறைக்குப் போகாதீர்கள். எம்டிஎஃப் தூசு மாவு போல மெல்லியது, அதன் பசையில் ஃபார்மால்டிஹைடும் உண்டு. நல்ல மாஸ்க் போடாமல் பக்கத்தில் நிற்கவும் கூடாது.

அப்புறம் வட்டம். வெட்டி முடித்த ஓட்டையின் உள்விளிம்பில் விரலை ஓட்டினால் நான்கு இடங்களில் சின்னப் படி தட்டுப்பட்டது. மேலே, கீழே, இடது, வலது. அந்த நான்கு இடங்களில்தான் பிட்டை நகர்த்தும் அச்சுகளில் ஏதாவது ஒன்று திசை மாறுகிறது. அச்சை நகர்த்தும் லீட் ஸ்க்ரூவுக்கும் அதில் ஓடும் நட்டுக்கும் நடுவே ஆட்டம் இருந்தால், திரும்புகிற கணத்தில் ஸ்க்ரூ சுற்றும், பிட் நகராது. இதைத்தான் பேக்லாஷ் என்கிறோம். "சாஃப்ட்வேர் செட்டிங்கை மாற்றுங்கள்" என்று எனக்குப் பாடம் எடுத்தார்கள். ஒரு மில்லிமீட்டர் நகர மோட்டார் எத்தனை ஸ்டெப் சுற்ற வேண்டும் என்ற கணக்கைத் திருத்தினால் வட்டம் பெரிதாகும், சிறிதாகும். நட்டின் ஆட்டம் போகாது. ஸ்பீக்கரின் விளிம்பு இந்தப் படிகள் மேல் உட்கார்ந்தால் காற்றுக் கசியும். மூடிய பாக்ஸில் பேஸ் கெடுவதற்கு அது போதும்.

விளம்பர வீடியோவைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். பிட் பலகையைத் தொடுகிறது. அடுத்த காட்சியில் வழுவழுப்பான ஓட்டை. நடுவே ஒரு நொடி ஸ்பிண்டிலின் தலை தெரிகிறது, அதிலிருந்து சூடு தணிக்கும் இரண்டு தண்ணீர்க் குழாய்கள் மேலே போகின்றன. என் மெஷினில் இருப்பது சாதாரண டிசி மோட்டார். குழாயும் கிடையாது, அதற்கு இடமும் கிடையாது. வேறு ஒரு பெரிய மெஷினைக் காட்டி இதை விற்றிருக்கிறார்கள்.

பணத்தைக் கேட்டதும் பேரம் ஆரம்பித்தது. பொருத்திவிட்ட மெஷினைத் திரும்ப எடுக்க முடியாது என்றார்கள். அடுத்து ஒரு டப்பா பிட் இலவசம் என்றார்கள். அதற்கும் மசியவில்லை என்றதும், ஐந்து நட்சத்திரம் போட்டால் பாதிப் பணம் தருவதாகச் சொன்னார்கள். அந்த மெஷினுக்கு ஏன் அவ்வளவு நட்சத்திரங்கள் என்பது அப்போது விளங்கியது. நல்லவேளை, விளம்பரப் பக்கத்தை முன்பே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்திருந்தேன். பேசிக்கொண்டிருக்கும்போதே "500 வாட்" என்ற வரியைச் சத்தமில்லாமல் தூக்கிவிட்டார்கள். அந்த ஸ்கிரீன்ஷாட்டையும் அடாப்டர் ஸ்டிக்கரின் படத்தையும் சேர்த்து, விற்பனைத் தளத்திடம் நேரடியாகப் புகார் கொடுத்தேன். பணம் திரும்பி வந்தது. திருப்பி அனுப்பிய கூரியர் செலவு என் தலையில்.

வாங்குவதாக இருந்தால், பிட் ஒரு மூலையிலிருந்து எதிர் மூலைக்குப் போவதை ஸ்கேல் வைத்து வீடியோ எடுத்து அனுப்பச் சொல்லுங்கள். அடாப்டர் ஸ்டிக்கரின் படமும் கேளுங்கள். சாக்குச் சொன்னால் விட்டுவிடுங்கள்.

சின்ன மெஷின் ஏற்கெனவே கையில் இருந்தால், 6 மி.மீ. எம்டிஎஃப்பில் வட்ட டெம்ப்ளேட் (வழிகாட்டிப் பலகை) மட்டும் வெட்டி, படிகளை உப்புத்தாளால் தேய்த்துவிடுங்கள். அதைப் பலகை மேல் ஒட்டி, பேரிங் வைத்த பிட் போட்ட கை ரவுட்டரை (கையில் பிடித்து மரம் வெட்டும் கருவி) அதன் விளிம்போடு ஓட்டினால் 18 மி.மீ. சுத்தமாக வெட்டும். சர்க்கிள் ஜிக் (மையத்தில் ஆணி குத்தி ரவுட்டரை வட்டமாகச் சுற்றவிடும் சட்டம்) இருந்தால் டெம்ப்ளேட்கூட வேண்டாம். ஆனால் பள்ளத்தை முதலில் எடுத்துவிட்டு ஓட்டையைக் கடைசியில் வெட்டுங்கள். நடுவட்டம் விழுந்துவிட்டால் ஜிக்கின் ஆணியைக் குத்த மையம் இருக்காது.