சீம்பாலுக்கு ஒரு பிரிக்ஸ் மீட்டர்: மாடு வளர்ப்போர் வாங்கலாமா?

கரும்பு வெட்டுப் பதத்துக்கு வந்துவிட்டதா என்று பார்க்க வயலுக்கு ஒரு குழாயைக் கொண்டுவருவார்களே, ஒரு சாண் நீளம், ரப்பர் பிடி, அதேதான் இது. முனையிலுள்ள கண்ணாடியில் ஒரு சொட்டுச் சாறு விட்டு, மூடியைக் கவிழ்த்து, வெளிச்சத்தைப் பார்த்துப் பிடித்தால் உள்ளே ஒரு கோடு தெரியும். கோடு எந்த எண்ணில் நிற்கிறதோ அதுதான் பிரிக்ஸ், அதாவது சாற்றில் கரைந்திருக்கும் திடப்பொருளின் அளவு. கரும்புச் சாற்றுக்குப் பதில் சீம்பாலை விட்டால், பிறந்த கன்றுக்கு அந்தப் பால் போதுமா போதாதா என்பதை ஒரு நிமிடத்துக்குள் சொல்லிவிடுகிறது. 0 முதல் 32 வரை அளவு உள்ள சாதாரண வகை இணையக் கடைகளில் ஆயிரம் ரூபாய்க்கு முன்னே பின்னே கிடைக்கிறது. பேட்டரி வேண்டாம், மின்சாரம் வேண்டாம். ஐந்தாறு கறவைகளுக்கு மேல் வைத்து, கிடேரிக் கன்றுகளைச் சொந்தமாக வளர்த்தெடுக்கும் பண்ணைக்கு இந்த விலையில் இதைவிட உருப்படியான கருவி இல்லை. ஆனால் இது எதை அளக்கும், எதை அளக்காது என்று தெரிந்துகொண்டு வாங்க வேண்டும்.

மனிதக் குழந்தைக்குத் தாயின் வயிற்றிலேயே ஓரளவு நோய் எதிர்ப்புப் புரதம் வந்து சேர்ந்துவிடும். கன்றுக்கு அப்படி இல்லை. பசுவின் நஞ்சுக்கொடி அதைத் தடுத்துவிடுகிறது. பிறக்கும்போது கன்றின் ரத்தத்தில் எதிர்ப்புப் புரதம் அநேகமாகக் கிடையாது. கிடைக்க வேண்டியதெல்லாம் சீம்பால் வழியாகத்தான். அந்தப் புரதத்தை முழுசாக ரத்தத்துக்குள் விடும் வழி கன்றின் குடலில் பிறந்த உடனே அகலத் திறந்திருக்கும். மணிக்கு மணி குறுகி, 24 மணி நேரத்தில் ஏறக்குறைய மூடிவிடும். அதற்குப் பிறகு எவ்வளவு நல்ல சீம்பால் கொடுத்தாலும் அது வயிற்றுக்கு உணவு, ரத்தத்துக்குக் காப்பு அல்ல. "நஞ்சு விழட்டும், பிறகு கன்றை விடலாம்" என்று காத்திருக்கும் பழக்கம் இன்னமும் பல ஊர்களில் இருக்கிறது. நஞ்சு விழுவதற்கும் சீம்பாலுக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை. மாறாக, கன்று முட்டிக் குடிக்கும்போது சுரக்கும் இயக்குநீர் கருப்பையைச் சுருங்க வைக்கும். நஞ்சு விழ அதுவும் ஓர் உதவி.

சீம்பாலின் தரத்தை நிறத்தை வைத்தும் கெட்டித்தன்மையை வைத்தும் சொல்வதுதான் வழக்கம். மஞ்சளாக, கையில் ஒட்டும்படி இருந்தால் நல்லது என்பார்கள். இது நம்பத் தகுந்த கணக்கில்லை. மஞ்சள் நிறம் பெரும்பாலும் பசுந்தீவனத்திலிருந்து வரும் கரோட்டீன். கெட்டித்தன்மையில் கொழுப்புக்கும் பங்கு உண்டு. பார்க்கக் கெட்டியாக இருந்து மீட்டரில் 17 என்று குறைவாகக் காட்டும் பாலும் உண்டு, வெளிறிப்போய் இருந்து 25 என்று நன்றாகக் காட்டும் பாலும் உண்டு. மீட்டருக்குக் காசு கொடுப்பது இந்த ஒரு காரணத்துக்காகத்தான்.

பெட்டிக்குள் மீட்டர், ஒரு பிளாஸ்டிக் சொட்டுக் குழல், பொடி திருப்புளி, துடைக்கும் துணி ஆகியவை இருக்கும். முதல் வேலை பூஜ்யம் வைப்பது. கண்ணாடியில் இரண்டு சொட்டுக் காய்ச்சி வடித்த நீர் விட்டு, மூடியை மெதுவாகக் கவிழ்த்துப் பாருங்கள். நீலத்துக்கும் வெள்ளைக்கும் நடுவிலுள்ள கோடு 0-இல் நிற்க வேண்டும். நிற்காவிட்டால் மேலே ரப்பர் மூடிக்குள் இருக்கும் திருகைத் திருப்புளியால் இம்மியளவு திருப்பிச் சரிசெய்யலாம். காய்ச்சி வடித்த நீருக்கு எங்கும் அலைய வேண்டாம், பேட்டரிக் கடையில் விற்கும் பேட்டரித் தண்ணீரே போதும். உப்பு ஏறிய போர்த் தண்ணீர் வேண்டாம், அதில் கரைந்திருக்கும் உப்பும் கணக்கில் சேரும்.

பிறகு சீம்பால். கன்றைத் தாயிடம் விட்டு ஊட்டுபவர்கள், விடுவதற்கு முன்பே நான்கு காம்பிலிருந்தும் கொஞ்சம் கொஞ்சமாகக் கறந்து ஒரு டம்ளரில் கலந்துகொள்ளலாம். கறந்து ஊட்டுபவர்கள் முதல் கறவை முழுவதையும் ஒரே வாளியில் கலக்கி, அதிலிருந்து எடுக்க வேண்டும். ஒரே காம்பின் முதல் பீய்ச்சலை மட்டும் அளந்தால் எண் ஏமாற்றும். கண்ணாடியில் இரண்டு மூன்று சொட்டு விட்டு, குமிழி நிற்காமல் மூடியைக் கவிழ்த்து, 30 விநாடி பொறுங்கள். மடிச் சூட்டில் வந்த பால் கண்ணாடியின் சூட்டுக்கு இறங்க அவ்வளவு நேரம் வேண்டும். கரும்புச் சாற்றில் கோடு கத்தி வைத்தாற்போலத் தெரியும். சீம்பாலில் கொழுப்பு இருப்பதால் புகைபோல மங்கும். மங்கலின் நடுப்பகுதியைப் படியுங்கள். அது 21-ஆ 22-ஆ என்று குழப்பினால், துடைத்துவிட்டு இன்னொரு தடவை பார்ப்பதே நல்லது. இரவில் கன்று போட்டால் கைப்பேசியின் டார்ச்சைக் கண்ணாடிக்கு நேரே பிடித்தால் போதும்.

22-ம் அதற்கு மேலும் நல்ல சீம்பால். லிட்டருக்கு 50 கிராமுக்குக் குறையாமல் எதிர்ப்புப் புரதம் இருக்கும் என்பதே இந்த எண்ணின் பொருள். கன்றின் எடையில் பத்தில் ஒரு பங்கை முதல் இரண்டு மணி நேரத்துக்குள் கொடுத்து, அடுத்த 8 முதல் 12 மணி நேரத்துக்குள் அதில் பாதியை இன்னொரு தடவை கொடுக்க வேண்டும். ஜெர்சி கலப்புக் கன்று 25 கிலோ இருந்தால் முதலில் இரண்டரை லிட்டர், பிறகு ஒன்றேகால் லிட்டர். 18-க்கும் 22-க்கும் நடுவில் இருந்தால் அதையே கொடுங்கள், ஆனால் இரண்டாவது வேளையைத் தள்ளிப்போடாமல் நான்கைந்து மணி நேரத்திலேயே கொடுத்து, மூன்றாவது வேளையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 18-க்குக் கீழே இருந்து, உறைபெட்டியில் வேறு மாட்டின் நல்ல சீம்பால் இருந்தால் முதல் ஊட்டுக்கு அதை எடுக்கலாம். கைவசம் எதுவும் இல்லையென்றால் தாயின் பாலையே கொடுக்க வேண்டும். மோசமான சீம்பாலும் சீம்பால் இல்லாததைவிட மேல். மீட்டர் கையில் இல்லை, பக்கத்து வீட்டுக்குப் போயிருக்கிறது என்பதற்காக ஊட்டலைத் தள்ளிப்போடுவது கன்றுக்குச் செய்யும் பெரிய கெடுதல். முதலில் ஊட்டுங்கள், எண் பிறகு பார்க்கலாம்.

எண் குறைந்திருந்தால் ஏன் என்று தேட வேண்டும். அதில்தான் இந்தக் கருவியின் உண்மையான லாபம். முதல் சந்தேகம் கறக்க எடுத்துக்கொண்ட நேரம்: கன்று போட்ட பிறகு மடியில் நிற்கும் ஒவ்வொரு மணிக்கும் சீம்பாலின் அடர்த்தி குறையும். ராத்திரி பத்து மணிக்குக் கன்று போட்டு, விடிந்து ஆறு மணிக்குக் கறந்தால் நல்ல மாடும் குறைவாகக் காட்டும். அடுத்தது வற்றுக்காலம். கன்று போடும் வரைக்கும் கறந்துகொண்டே வந்தாலோ, மூன்று வாரத்துக்கும் குறைவாக வற்றவிட்டாலோ மடிக்குப் புரதம் சேர்க்க நேரம் கிடைக்காது. ஈனுவதற்கு முன்பே காம்பில் பால் ஒழுகும் மாட்டிலும் இதே கதி. தலைச்சன் கிடேரியில் குறையும் என்று பொதுவாகச் சொல்வார்கள், ஆனால் எல்லாத் தலைச்சனிலும் குறைவதில்லை, அளந்துதான் தெரியும். ஒரே பண்ணையில் ஒவ்வொரு மாட்டின் எண்ணையும் தேதி, ஈற்று எண், கறந்த நேரம் ஆகியவற்றோடு சுவரில் தொங்கும் காலண்டரில் குறித்துவந்தால், ஒரு வருஷத்தில் பிழை எங்கே என்று பளிச்சென்று தெரியும்.

இனி இதன் குறைகள். இது எதிர்ப்புப் புரதத்தை நேரடியாக அளப்பதில்லை. பாலில் கரைந்திருக்கும் மொத்தத் திடப்பொருள் ஒளியை எவ்வளவு வளைக்கிறது என்பதைக் காட்டுகிறது. சீம்பாலில் அந்தத் திடத்தில் கணிசமான பங்கு இந்தப் புரதம் என்பதால்தான் கணக்கு ஒத்துப்போகிறது. ஆகவே 21-க்கும் 22-க்கும் இடையே வாழ்வா சாவா என்று பார்க்க வேண்டாம்; 15-க்கும் 24-க்கும் இடையே பார்க்கலாம். 22 என்ற எண்ணும் பசுக்களில், அதிலும் முக்கியமாக ஹோல்ஸ்டீன் மாடுகளில் செய்த ஆய்வுகளில் வந்தது. எருமைக்கு ஒன்றோடொன்று ஒப்பிட்டுப் பார்க்க உதவும், அவ்வளவுதான்.

இரண்டாவது, அழுக்கு. இதை எந்த மீட்டரும் சொல்லாது. மடியைக் கழுவாமல், நேற்றைய பால் ஒட்டிய வாளியில் கறந்த சீம்பால் 26 காட்டினாலும் கன்றுக்கு ஆபத்து. நம் ஊர் வெயிலில் வெளியே வைத்த சீம்பாலில் கிருமி அரைமணிக்கு ஒரு தடவை இரட்டிப்பாகும். அந்தக் கிருமிகள் புரதத்துக்கு முன்பே குடலைப் பிடித்துக்கொண்டால், அது உள்ளே போவதையும் தடுக்கும், கழிச்சலையும் கொண்டுவரும். ரத்தம் கலந்த பாலும் மடிநோய்ப் பாலும் மீட்டரில் நன்றாகவே தேறக்கூடும். கண்ணால் பார்த்து அவற்றை ஒதுக்குவது உங்கள் வேலை.

மூன்றாவது, வெப்பம். பெட்டியில் "ஏ.டி.சி." என்று போட்டிருந்தால் வெப்பத்துக்கேற்பத் தானே திருத்திக்கொள்ளும் வகை. ஆனால் அந்தத் திருத்தம் பெரும்பாலும் 10 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரைதான். சித்திரை வெயிலில் தகரக் கொட்டகைக்குள் 38 டிகிரி இருக்கும்போது நம்ப முடியாது. திருத்தம் இல்லாத வகையில் 20 டிகிரிக்குச் செய்த அளவுகோல் 30 டிகிரியில் முக்கால் புள்ளி போலக் குறைத்துக் காட்டும். இதற்கு எளிய வழி உண்டு: சீம்பாலை அளக்கும் அதே இடத்தில், அதே நேரத்தில் பேட்டரித் தண்ணீரால் பூஜ்யம் வைத்துவிட்டு அளந்தால் பிழை பெரும்பாலும் நீங்கிவிடும்.

கருவி கெட்டுப்போவது பெரும்பாலும் கழுவுவதால்தான். குழாய்த் தண்ணீரில் காட்டினால் மூடியின் கீல் வழியாகவும் கண்ணாடியின் ஓரத்திலும் ஈரம் உள்ளே இறங்கி, பிறகு பார்க்கும்போதெல்லாம் மூட்டமாகவே தெரியும். ஈரத்துணியால் இரண்டு தடவை, காய்ந்த மெல்லிய துணியால் ஒரு தடவை துடைத்தால் போதும். துடைக்காமல் விட்ட சீம்பால் காய்ந்து பசைபோல ஒட்டிக்கொள்ளும். சுரண்டினால் கண்ணாடியில் கீறல் விழும். கீழே விழுந்தால் மறுபடியும் பூஜ்யம் வைக்காமல் அளக்காதீர்கள்.

உறைபெட்டியில் சேமிப்பதற்கும் இந்த எண் வேண்டும். 22-க்கு மேல், சுத்தமாகக் கறந்த, நோயில்லாத மாட்டின் சீம்பாலை மட்டும் ஒரு லிட்டர் அளவில், தட்டையான உறைகளில், தேதியும் எண்ணும் எழுதி வையுங்கள். இரண்டு மாட்டின் பாலை ஒன்றாகக் கலக்காதீர்கள். ஒன்றின் நோய் எல்லாக் கன்றுக்கும் போகும். கழித்தல் 20 டிகிரியில் ஒரு வருஷம் வரை தாங்கும். மின்சாரம் போய்ப் போய் வரும் ஊரில் ஒரு தடவை உருகியதை மறுபடியும் உறைய வைக்கக் கூடாது. உருக்கும்போது 50 டிகிரிக்கு மேல் போகாத வெந்நீரில் உறையை மிதக்கவிட வேண்டும். அடுப்பில் வைத்துக் காய்ச்சினால், நாம் வெல்லமும் ஏலக்காயும் போட்டு வேகவைக்கும் சீம்பால்போல் கட்டிதட்டிவிடும். கன்றுக்கு வேண்டிய புரதம் அதோடு போயிற்று.

இதே மீட்டரில் இன்னொரு வேலையும் ஆகும், அதைப் பலர் கவனிப்பதில்லை. பிறந்து ஒரு நாள் முதல் ஏழு நாளுக்குள் கால்நடை மருத்துவர் கன்றின் ரத்தத்தைக் கொஞ்சம் எடுத்து உறையவிட்டு, மேலே தெளியும் நீரில் ஒரு சொட்டை மீட்டரில் விட்டால் 8.4-க்கு மேல் காட்ட வேண்டும். காட்டினால் சீம்பால் கன்றுக்குள் சேர்ந்திருக்கிறது. கழிச்சலில் நீர் வற்றிய கன்றில் ரத்தம் கெட்டிப்பட்டு எண் பொய்யாக உயரும், அதனால் திடமான கன்றில்தான் இதைப் பார்க்க வேண்டும். சீம்பால் 24 காட்டியும் கன்றுகள் தொடர்ந்து 7.5 காட்டினால், பிழை பாலில் இல்லை, ஊட்டிய நேரத்திலோ அளவிலோ சுத்தத்திலோ இருக்கிறது.

வாங்கும்போது அளவுகோலைப் பாருங்கள். 0 முதல் 32, ஒரு கோட்டுக்கு 0.2. தேனுக்கான மீட்டர் 58-க்கு மேல்தான் ஆரம்பிக்கும், உதவாது. இறால் பண்ணையில் உப்பு பார்க்கும் மீட்டரும் உருவத்தில் இதேதான், அளவுகோல் வேறு. டிஜிட்டல் வகை மங்கல் கோட்டுத் தொல்லை இல்லாமல் நேராக எண்ணைக் காட்டும். வருஷத்துக்கு ஐம்பது கன்று பிறக்கும் பண்ணைக்கு அதன் கூடுதல் விலை தகும். மிதக்கும் கண்ணாடிச் சீம்பால்மானியும் சந்தையில் உண்டு. அது உடையும், ஒரு குவளை நிறையப் பால் கேட்கும், வெப்பத்துக்குத் தக்கபடி எண் ஓடும். அதை வாங்க வேண்டாம்.

ஒன்றிரண்டு மாடு மட்டும் வைத்திருப்போருக்கு இது அவசியமில்லை. அந்தப் பணத்தில் தரமான நிப்பிள் பாட்டிலும் தொப்புளுக்கு டிஞ்சர் அயோடினும் வாங்கி வைக்கலாம். பக்கத்தில் கரும்பு விவசாயி யாராவது பிரிக்ஸ் மீட்டர் வைத்திருந்தால் அவரிடமே கேட்டு வாங்குங்கள். சர்க்கரைப் பிசுக்கைத் துடைத்து, பூஜ்யம் வைத்துக்கொண்டால் அதுவே சீம்பாலுக்கும் ஆகும்.