எலக்ட்ரிக் காரில் டேஷ்கேம் பொருத்தச் செல்கிறவர்கள் கவனத்திற்கு

வண்டி நிறுத்தியிருக்கும் நேரத்திலும் டேஷ்கேம் பதிவு செய்யும்படி 24 மணி நேர மின்சாரம் எடுத்துத் தருவதாகச் சொன்ன ஓர் ஆக்சஸரி கடை, என் எலக்ட்ரிக் காரின் ஒயரிங்கில் கைவைத்து, அதன் 12 வோல்ட் பேட்டரியையும் பாழாக்கிவிட்டது. சென்னையில் எலக்ட்ரிக் கார் வாங்குகிறவர்கள் இத்தகைய கடைகளுக்கே செல்வதால், நடந்ததை விவரமாக எழுதுகிறேன்.

"இவி ஸ்பெஷல் கிட்" என்று கூலியோடு சேர்த்து 3,500 ரூபாய் வாங்கினார்கள். மின்னழுத்தம் இறங்கினால் கேமரா தானாக நின்றுவிடுமா என்று கேட்டதற்கு, நிற்கும் என்றார் கடைக்காரர். சிறிய பேட்டரி தீர்ந்துவிடாதா என்று மறுபடியும் கேட்டபோது, "கீழே அவ்வளவு பெரிய பேட்டரி இருக்கும்போது என்ன சார் பயம்?" என்று சிரித்தார்.

அந்தப் பதில் முழுப் பொய். 300 வோல்ட்டுக்கும் மேற்பட்ட அந்தப் பெரிய பேட்டரியை, வண்டியை அணைத்ததும் கான்டாக்டர் எனப்படும் ரிலேக்கள் மற்ற எல்லாவற்றிலிருந்தும் துண்டித்துவிடுகின்றன. அதன்பிறகு பூட்டு, அலாரம், சாவியின் சமிக்ஞையை வாங்கும் கருவி ஆகிய அனைத்தும் 12 வோல்ட் பேட்டரியை நம்பியே இருக்கின்றன. வண்டி ஆன் ஆகியிருக்கும்போதோ சார்ஜ் ஏறும்போதோதான் பெரிய பேட்டரியிலிருந்து கன்வர்ட்டர் வழியாக இதற்கு மின்சாரம் வரும். சில மாடல்கள் இடையிடையே தாமாக விழித்து இதை நிரப்பிக்கொள்ளும். என்னுடையது அந்த ரகமல்ல. கான்டாக்டர்கள் மூடி பெரிய பேட்டரியை மறுபடி இணைப்பதற்கே 12 வோல்ட் தேவை என்பதால், சின்னது செத்தால் பெரியது நிறைந்திருந்தும் பயனில்லை.

வெளியூர் சென்று திரும்பியபோது அதுதான் நடந்திருந்தது. மொபைல் செயலி கடைசியாகக் காட்டிய சார்ஜ் 82 சதவீதம். ஆனால் ரிமோட்டுக்குக் கதவு திறக்கவில்லை. ரிமோட்டுக்குள் இருக்கும் இரும்புச் சாவியால் திறந்தால் திரை இருண்டு கிடந்தது. கடைக்குப் போன் செய்தபோது, சார்ஜ் போட்டால் சரியாகிவிடும் என்றார்கள். சார்ஜருடன் பேச வேண்டிய கருவிகளுக்கே உயிர் இல்லாதபோது சார்ஜ் எப்படி ஏறும்?

சர்வீஸ் சென்டர் டெக்னீஷியன் டேஷ்போர்டின் கீழ்ப்பகுதியைக் கழற்றிக் காட்டியதைப் பார்த்தபிறகுதான் எனக்கு உண்மையான பயம் வந்தது. ஃபியூஸ் பாக்ஸுக்குப் பின்னால், எப்போதும் மின்சாரம் ஓடும் ஒரு கம்பெனி ஒயரின் தோலைச் சீவி, அதில் கேமரா ஒயரை முறுக்கி, இன்சுலேஷன் டேப் சுற்றியிருந்தார்கள். டேப்பின் பசை சூட்டில் இளகி ஒழுகியிருந்தது. தனி ஃபியூஸ் இல்லை. முன்கண்ணாடி ஓரத் தூணில் மடிந்திருக்கும் ஏர்பேக்கின் மேலேயே ஒயரை இழுத்திருந்தார்கள். "ஸ்பெஷல் கிட்" என்பது 12 வோல்ட்டை 5 வோல்ட்டாக்கும் சாதாரண கன்வர்ட்டர். மின்னழுத்தம் பார்த்து நிறுத்தும் சர்க்யூட் அதில் கிடையாது. வண்டி உறங்கும்போது கேமரா இழுத்த மின்னோட்டம் 0.35 ஆம்பியர். ஒரு நாளைக்கு 8 ஆம்பியர்-மணிக்கும் மேல் போனால், என் காரின் 35 ஆம்பியர்-மணி பேட்டரி நான்கே நாளில் காலி. அடியோடு வற்றிக் கிடந்த லெட்-ஆசிட் பேட்டரி அதன்பின் சார்ஜைத் தாங்கவில்லை. புதிது வாங்க வேண்டியதாயிற்று. சீவப்பட்ட ஒயரிங்குக்கு வாரண்டி பொருந்தாது என்றும் எழுதிக் கொடுத்துவிட்டார்கள்.

முறையான கிட்டில் மூன்று ஒயர்கள் இருக்கும்: எப்போதும் மின்சாரம் உள்ள இடத்துக்கு ஒன்று, வண்டி ஆன் ஆனால் மட்டும் மின்சாரம் வரும் இடத்துக்கு ஒன்று, பாடி எர்த்துக்கு (வண்டியின் உலோக உடலுக்கு) ஒன்று. முதல் இரண்டையும் ஒயரை வெட்டாமல் ஃபியூஸ் டேப் (ஒட்டும் டேப் அல்ல, ஃபியூஸ் இருக்கும் இடத்தில் செருகித் தனி ஃபியூஸுடன் கிளை ஒயர் எடுக்கும் இணைப்பி) வழியாகவே எடுக்க வேண்டும். வண்டியைப் பூட்டி, அது முழுதாக உறங்கியபின் எந்த ஃபியூஸில் மின்சாரம் இருக்கிறது, எதில் இல்லை என்று மல்டிமீட்டரில் அளந்து காட்டச் சொல்லுங்கள். பூட்டிய உடனே அளந்தால் வண்டி இன்னும் உறங்காததால், பிறகு அணைந்துவிடும் ஃபியூஸ்களிலும் எப்போதும் மின்சாரம் இருப்பதுபோல் தெரியும். அதைக் காட்டித்தான் ஏமாற்றுகிறார்கள். கேமராவைத் தானாக நிறுத்தும் மின்னழுத்த அளவை 12.2 வோல்ட்டுக்குக் கீழே வைக்க விடாதீர்கள். பெரிய பேட்டரியின் உயர் மின்னழுத்தம் செல்லும் ஆரஞ்சு நிறக் கேபிள் பக்கம் எவர் கை போனாலும் வேலையை அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

கடைக்காரர் இப்போது, கேமராதான் பழுது என்கிறார். ஜிஎஸ்டி பில் கேட்டபோது துண்டுச் சீட்டில் தொகையை மட்டும் எழுதித் தந்திருந்தார்; ஆனால் பணம் யுபிஐயில் போனதால் அந்தப் பதிவும், டெக்னீஷியன் எடுத்த படங்களும் என்னிடம் இருக்கின்றன. தேசிய நுகர்வோர் உதவி எண் 1915-இல் புகாரைப் பதிந்திருக்கிறேன். அதில் தீராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்துக்குப் போவேன். 5 லட்சம் ரூபாய் வரையிலான வழக்குக்கு அங்கே கட்டணம் இல்லை.