தாத்தா காலத்து இரட்டைக்குழல்: எந்தப் பட்டறையில் கொடுப்பது?

கொங்கு நாட்டுத் தோட்டத்து வீடுகள் சிலவற்றில், பயிர்ப் பாதுகாப்புக்கென லைசென்ஸ் வாங்கி, தகப்பனுக்குப் பின் மகன் பெயருக்கு மாறி வந்த 12 போர் (குழல் விட்டத்தின் அளவு) இரட்டைக்குழல் துப்பாக்கிகள் இன்றும் இருக்கின்றன. அப்படியொன்றைப் புதுப்பிக்க நினைப்பவர், நகரத்து ஆயுதக் கடை, தனியாளாகத் தொழில் செய்யும் லைசென்ஸ் பெற்ற ரிப்பேர்காரர், கோவையின் கணபதி அல்லது பீளமேட்டுப் பகுதி லேத் பட்டறை ஆகிய மூன்றில் எதற்குப் போவது என்று யோசிப்பார்.

லேத் பட்டறையை முதலிலேயே கழித்துவிடலாம். மோட்டார் பம்புக்கு நூலளவும் பிசகாமல் தண்டு கடைந்து தரும் கைகள் அங்கே உண்டு. ஆனால் 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 5ஆம் பிரிவு, விற்பதற்கு மட்டுமன்றிப் பழுது பார்ப்பதற்கும் லைசென்ஸ் கேட்கிறது. தோட்டாவைத் தட்டி வெடிக்கவைக்கும் ஊசியைக் காட்டி, "ஒரு ஊசிதானுங்க, கடைஞ்சு குடுங்க" என்று நீட்டினால் கொடுத்தவர், வாங்கியவர் இருவருமே வழக்கில் மாட்டுவார்கள்.

நகரத்துக் கடையில் பதிவேடும் ரசீதும் ஒழுங்காக இருக்கும். தோட்டாவும் அங்கேயே கிடைக்கும். தேர்தல் நேரத்தில் துப்பாக்கியை ஒப்படைத்து வைக்கவும் வசதி. குறை என்னவென்றால், நம்மிடம் பேசுபவர் ஒருவர், வேலை செய்பவர் வேறொருவர் என்று பல கடைகளில் இருப்பதுதான். நாம் சொன்ன விவரம் கைமாறும்போது பாதியாகிவிடும்.

நல்ல தனி ரிப்பேர்காரர் விலை பேசுவதற்கு முன் துப்பாக்கியைப் பார்ப்பார். முன்கட்டையைக் கழற்றி, குழல்களைப் பிடித்து ஆட்டி, மூட்டில் தளர்ச்சி இருக்கிறதா என்று கவனிப்பார். குழலின் பின்முனைக்கும் அதைத் தாங்கும் முகத்துக்கும் நடுவே வெளிச்சம் கசிகிறதா என்று பார்ப்பார். பிறகு வெடி அழுத்தத்தைத் தாங்குமா என்று சோதித்துக் குழலின் அடிப்புறத்தில் பொறித்த முத்திரைகளைப் படிப்பார். பழைய துப்பாக்கிகள் பலவற்றில் தோட்டா அறை 65 மி.மீ. தோட்டாவுக்கே அளவானது. வாய் மடிக்கப்பட்ட 70 மி.மீ. தோட்டா அதில் தடையின்றி நுழைந்துவிடும். சுடும்போது மடிப்பு முழுதாக விரிய இடமில்லாமல் அழுத்தம் ஏறும். இதைக் கேட்காமலே எடுத்துச் சொல்பவரை நம்பலாம்.

கடைக்காரர், தனி ரிப்பேர்காரர் இருவரிடமும் கேட்க வேண்டிய கேள்வி, குழலுக்கு நீலமேற்றுவதை, அதாவது துருவைத் தடுக்கும் கருநீல மேற்பரப்பு கொடுப்பதை, எப்படிச் செய்வீர்கள் என்பது. பழைய இரட்டைக்குழல்கள் பெரும்பாலும் ஈயப்பற்றால் இணைக்கப்பட்டவை. கொதிக்கும் காஸ்டிக் உப்புக் கரைசலில் முக்கினால் பளபளப்பு ஒரே நாளில் வரும், ஆனால் அந்தப் பற்றைக் கரைசல் அரித்துவிடும். மெல்லத் துருவேற்றித் தேய்த்துத் தேய்த்து நிறம் கொண்டுவரும் பழைய முறையே இதற்கு ஏற்றது. "ஒரே நாள்ல முடிச்சுத் தர்றோம்" என்பவரிடம் குழலைக் கொடுக்காதீர்கள்.

தனியாளிடம் தாமதம் அதிகம். ஆடியில் கொடுத்தால் தையில்தான் வரும். ஆயினும் குழல், மூட்டு, பின்கட்டை ஆகியவற்றில் கை வைப்பதென்றால் என் தேர்வு அவர்தான். ஊசி, ஸ்பிரிங், சுத்தம் செய்தல் போன்றவற்றுக்குக் கடையே போதும். எங்கே கொடுத்தாலும், அவர்களுடைய லைசென்ஸில் பழுதுபார்ப்பு அனுமதி இருக்கிறதா என்று பார்த்து, துப்பாக்கி எண்ணோடு ரசீது வாங்கிய பிறகே கடையை விட்டு இறங்க வேண்டும்.