பழைய கடிகாரத்தின் கேஸை அரிப்பது எந்தப் பட்டை?

பழைய கைக்கடிகாரம் வாங்கப் போகிறவர்கள் டயலைப் பார்ப்பார்கள், பின்மூடியைத் திறந்து இயந்திரத்தைப் பார்ப்பார்கள். நான் முதலில் பட்டையைக் கழற்றச் சொல்வேன். கேஸிலிருந்து (இயந்திரத்தை மூடியிருக்கும் உலோகக் கூடு) கொம்புபோல நீண்டு பட்டையைப் பிடித்திருக்கும் நான்கு லக்குகளின் உள்பக்கத்தையும் அடிப்பக்கத்தையும் லென்ஸ் வைத்துப் பாருங்கள். இத்தனை வருடம் அதில் என்ன மாட்டியிருந்தார்கள் என்பது அங்கேயே தெரிந்துவிடும். இழுத்தால் நீளும் ஸ்பிரிங் செயின் என்றால் லக்கின் நுனியில் அரம் வைத்து ராவியதுபோல ஒரு பள்ளம் இருக்கும். பட்டையை மாற்றிக்கொள்ளலாம். கேஸ் போனால் போனதுதான்.

பட்டைகளை ஒப்பிடுவதற்கு முன் கேஸ் எதனால் ஆனது என்று பார்க்க வேண்டும். நம் வீடுகளில் கிடக்கும் எச்.எம்.டி. கடிகாரங்களில் பலவற்றின் கேஸ், குரோம் பூசிய பித்தளை. பின்மூடியில் 'ஸ்டெயின்லெஸ் ஸ்டீல் பேக்' என்று பொறித்திருந்தால், ஸ்டீல் என்பது அந்த மூடிக்கு மட்டும்தான் உத்தரவாதம். அலங்கார குரோம் பூச்சு பொதுவாக ஒரு மைக்ரான் கனம்கூட இருக்காது, அதற்கடியில் நிக்கல். பழைய சுவிஸ் கடிகாரங்களின் தங்கப் பூச்சில் 10 அல்லது 20 மைக்ரான் என்று முத்திரை இருக்கும். 20 மைக்ரான் என்பது 0.02 மில்லிமீட்டர். அதைத் தாண்டிவிட்டால் கீழே வெறும் பித்தளை. வளைகுடாவிலிருந்து வந்த சீகோ 5 அப்படியல்ல, அதன் ஸ்டீல் கேஸ் நிறைய தாங்கும். ஒரே பட்டை ஒன்றில் தொல்லையில்லாமல் இருந்து இன்னொன்றைக் கெடுப்பதற்குக் காரணம் இதுதான்.

ஆக மோசமானது ஸ்பிரிங் செயின். ஜெர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரிலிருந்து ஃபிக்ஸோஃப்ளெக்ஸ் என்ற ஸ்பிரிங் செயின் வந்தது. அமெரிக்காவில் ஸ்பைடல் நிறுவனம் 1959-இல் ட்விஸ்ட்-ஓ-ஃப்ளெக்ஸை விற்கத் தொடங்கியது. கொக்கி இல்லை, இழுத்து மாட்டினால் போதும் என்பதால் ஊரெங்கும் பரவியது. தொல்லை அதன் இரு முனைகளில் இருக்கிறது. எல்லா அகலத்துக்கும் பொருந்த வேண்டும் என்று மடித்த தகட்டால் செய்த முனைகள் அவை. லக்குகளுக்கு நடுவே அப்படியும் இப்படியும் நகர்ந்துகொண்டே இருக்கும். ஸ்பிரிங் எந்நேரமும் கேஸைக் கீழே இழுக்கிறது. கழற்றும்போதும் மாட்டும்போதும் முனை திருகி, ஸ்டீல் விளிம்பு லக்கில் அழுந்துகிறது. வியர்வையும் தூசியும் சேர்ந்த கறுப்பு அழுக்கு நடுவில் புகுந்தால் அது உப்புத்தாள் வேலையைச் செய்யும். பித்தளை என்ன, திடத் தங்கக் கேஸிலேயே இந்தத் தடத்தைப் பார்க்கலாம். தாத்தா கட்டியிருந்த செயின் என்ற பாசம் புரிகிறது. அந்தச் செயினைப் பத்திரமாகப் பெட்டியில் வையுங்கள், கடிகாரத்தில் வேண்டாம்.

இணைப்புகள் கோத்த சாதாரண ஸ்டீல் செயினை இதோடு சேர்த்துத் திட்டக் கூடாது. ஸ்டீல் கேஸுக்கென்றே அதன் கம்பெனி செய்த பழைய செயினில் முனைத்துண்டு உள்ளே குடைவாக, மெல்லிய தகடாக இருக்கும். ஆட்டம் கண்டு தொய்வது முதலில் செயின்தான். கேஸ் பெரும்பாலும் தப்பித்துவிடும். இன்று ஆன்லைனில் கிடைக்கும் கனமான, திட முனைத்துண்டு கொண்ட செயின்தான் ஆபத்து. இறுக்கமாக இருந்தால் தட்டி நுழைக்கிறார்கள், உள்பக்கம் கீறுகிறது, பித்தளை லக் என்றால் வளைந்தும் விடுகிறது. தளர்வாக இருந்தால் செயினின் எடை முழுவதும், லக்குத் துளைகளில் மாட்டிப் பட்டையைப் பிடிக்கும் சின்ன ஸ்பிரிங் கம்பியான 'பின்'னில் ஆடுகிறது. பின்னின் முனை, துளையைவிட மெல்லியதாக இருந்துவிட்டால் வட்டத் துளை மெல்ல நீள்வட்டமாகும். அப்புறம் ஒருநாள் பின் கழன்று கடிகாரம் தரையில் கிடக்கும்.

நேட்டோ நைலான் பட்டையைப் பலர் கண்ணை மூடிக்கொண்டு சிபாரிசு செய்கிறார்கள். எனக்கு அதில் முழு உடன்பாடு இல்லை. பிரிட்டிஷ் பாதுகாப்பு அமைச்சகம் 1973-இல் விவரக்குறிப்பு வெளியிட்ட ஜி10 பட்டையின் வாரிசு அது. ராணுவக் கடிகாரங்களில் கழற்ற முடியாத நிலையான கம்பிகள் இருந்தன, அவற்றுக்கு அது அருமை. ஒரு பின் போனாலும் மற்ற பின் கடிகாரத்தைக் கையில் பிடித்து வைக்கும் என்பதும் உண்மையான நன்மை. ஆனால் பழைய சின்னக் கேஸ்களில் பின்னுக்கும் கேஸுக்கும் நடுவே இடம் குறைவு. தடித்த நைலானை அதில் திணித்தால் பின் வளைகிறது, துளையின் விளிம்பில் அழுத்தம் ஏறுகிறது. பட்டை பின்மூடிக்கு அடியிலும் ஓடுவதால் ஈரமும் மண்ணும் அங்கேயே தங்கித் தேய்க்கும். மெல்லிய நைலானாக, வாரம் ஒருமுறை துவைத்துக் காயவைத்து மாட்டினால் சரி.

தோல் பட்டைதான் என் தேர்வு. தேய்வது தோலாக இருக்கும், கேஸாக இருக்காது. எடையும் குறைவு, பின்னுக்குச் சுமையில்லை. ஆனால் சென்னை, தூத்துக்குடி மாதிரி கடலோரப் புழுக்கத்தில் தோல் வியர்வையைக் குடித்துக்கொண்டு காயாமல் கிடக்கும். லக்கின் உள்மூலையில் பச்சை படிவது அதனால்தான்: குரோமின் நுண்துளை வழியாக உப்புநீர் பித்தளையைத் தொட்டுவிட்டது. ஸ்டீலிலும் காற்றுப் புகாத இடுக்கில் உப்பு தேங்கினால் சிறு குழிகள் விழும். இந்த விஷயத்தில் ரப்பரும் சிலிகோனும் தோலைவிட மோசம், ஈரம் வெளியேற வழியே இல்லை. அதனால் கோடையில் தோலுக்குப் பதில் மெல்லிய, இரண்டு துண்டாக வரும் துணிப்பட்டை நல்லது. கம்பிவலை மாதிரி பின்னிய மெஷ் செயின் ஸ்டீல் கேஸுக்கு மட்டும், அதுவும் முனையின் ஓரம் கூர்மையாக இல்லையென்றால்.

எதைப் போட்டாலும் பின் சரியாக இருக்க வேண்டும். லக்கின் அகலத்தை ஸ்கேலில் கண்ணளவாகப் பார்க்காமல் காலிப்பரில் அளந்து வாங்குங்கள். 17, 19 மி.மீ. எல்லாம் பழைய கடிகாரங்களில் சகஜம். இரவு கழற்றியதும் மெல்லிய துணியால் லக்கின் இடுக்கைத் துடைத்துவிடுங்கள்.

பள்ளம் ஏற்கெனவே விழுந்திருந்தால்? ஸ்டீலிலும் திடத் தங்கத்திலும் லேசர் வெல்டிங் வைத்து நிரப்ப முடியும், செலவாகும். பூச்சு போட்ட பித்தளையைப் பாலிஷ் போடக் கொடுக்காதீர்கள். மிச்சமிருக்கும் பூச்சும் அதோடு போய்விடும்.