நீல மர்ஃபியின் எட்டுப் பக்கங்கள்: இடம் சொல்லும் இன், ஆன், அட்

சுவரில் படம் இருக்கிறது. சுவரில் ஓட்டை இருக்கிறது. சுவரில் ஆணி இருக்கிறது. தமிழில் மூன்றுக்கும் 'இல்' என்ற ஒரே உருபு போதும். ஆங்கிலத்தில் படம் 'ஆன் தி வால்'; ஓட்டையும் அடித்து இறக்கிய ஆணியும் 'இன் தி வால்'. மரத்திலும் இதே கதைதான். கிளைகளுக்கு நடுவே உட்கார்ந்திருக்கும் கிளி 'இன் தி ட்ரீ', காம்பில் தொங்கும் மாங்காய் 'ஆன் தி ட்ரீ'. நம் ஏழாம் வேற்றுமை கேட்காத கேள்விகளை ஆங்கிலம் கேட்கிறது: பொருள் உள்ளே இருக்கிறதா, பரப்பில் ஒட்டியிருக்கிறதா, அல்லது அந்த இடத்தை வெறும் புள்ளியாக நினைத்தால் போதுமா? இந்தக் கேள்விகளைப் பழக்கித் தரும் புத்தகம்தான் தமிழருக்குப் பயன்படும். அந்த அளவுகோலை வைத்து ரேமண்ட் மர்ஃபியின் நீல அட்டை நூலான 'இங்கிலீஷ் கிராமர் இன் யூஸ்'இல் இடம் பற்றிய பகுதியை மட்டும் இங்கே எடைபோடுகிறோம்.

கேம்பிரிட்ஜ் யுனிவர்சிட்டி பிரஸ் 1985இல் முதலில் வெளியிட்ட நூல் இது. ஐந்தாம் பதிப்பு 2019இல் வந்தது. மொத்தம் 145 பாடங்கள். ஒவ்வொரு பாடமும் விரித்து வைத்த இரண்டு பக்கங்கள்: இடப்பக்கம் விளக்கம், வலப்பக்கம் பயிற்சி. இடத்தைச் சொல்லும் ப்ரிபொசிஷன்களுக்கு, அதாவது பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும் இன், ஆன், அட் போன்ற சொற்களுக்கு, 123 முதல் 126 வரை நான்கு பாடங்கள், ஆக எட்டுப் பக்கங்கள்.

123ஆம் பாடம் சிறு படங்களோடு அடிப்படையைச் சொல்கிறது. அறை, தோட்டம், ஊர், நாடு, தண்ணீர் ஆகியவற்றுக்கு 'இன்'; பஸ் ஸ்டாப், சிக்னல், வாசல் போன்ற புள்ளிகளுக்கு 'அட்'; சுவர், மேசை, தரை, கூரை ஆகிய பரப்புகளுக்கு 'ஆன்'. சிறு தீவுக்கும் 'ஆன்' என்று இங்கேயே சொல்லிவிடுகிறார். நம் ஊர் வரைபடத்தில் பொருத்திப் பார்த்தால் இது எவ்வளவு தேவை என்று புரியும். ஊரைச் சொன்னால் 'இன் ராமேஸ்வரம்', தீவைச் சொன்னால் 'ஆன் பாம்பன் ஐலண்ட்'. நிற்கும் இடம் ஒன்றுதான். அதை எப்படிப் பார்க்கிறோம் என்பதே ப்ரிபொசிஷனை மாற்றுகிறது.

124ஆம் பாடத்தில் ஆற்றங்கரை ஊர், கடற்கரை ஊர், மாடி, வரைபடம், பட்டியல், மூலை எல்லாம் வருகின்றன. திருச்சி காவிரிக் கரையில் இருக்கிறது என்பதற்கு 'ஆன் தி காவேரி' சரி. 'இன் தி காவேரி' என்றால் ஊரே தண்ணீருக்குள் போய்விடும். ஸ்ரீரங்கமோ காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் நடுவில் உள்ள தீவு. அதைச் சொல்ல 'ஆன் அன் ஐலண்ட் இன் தி காவேரி' என்று இரண்டும் வேண்டும். மாடிக்கு எப்போதும் 'ஆன்'; 'இன் தி செகண்ட் ஃப்ளோர்' என்று அலுவலக மெயில்களில் எழுதுவது நம்மிடையே மிகப் பரவலான தவறு. மூலை விஷயத்திலும் கவனம் தேவை: அறையின் மூலை 'இன் தி கார்னர்', தெருமுனை 'அட் தி கார்னர்' அல்லது 'ஆன் தி கார்னர்'.

எட்டுப் பக்கத்திலும் காசுக்கு மேல் தருவது 125ஆம் பாடம்தான். ஒரே கட்டடத்துக்கு 'இன்', 'அட்' இரண்டும் எப்போது வரும் என்பதை இது தெளிவாகப் பிரிக்கிறது. படம் பார்க்கப் போயிருந்தால் 'அட் தி தியேட்டர்'. அங்கே நடக்கும் காரியம்தான் பேச்சு. உள்ளே ஏசி ஓடவில்லை, ஒரே வெக்கை என்றால் 'இன் தி தியேட்டர்'. இப்போது பேச்சு கட்டடத்தைப் பற்றியது. நோயாளியாகப் படுத்திருப்பவர் 'இன் ஹாஸ்பிட்டல்'. அவரைப் பார்க்கப் போனவர் 'அட் தி ஹாஸ்பிட்டல்'. வண்டிகளும் இந்தப் பாடத்தில்தான். பஸ், ரயில், விமானம், கப்பலுக்கு 'ஆன்'. கார், டாக்ஸிக்கு 'இன்'. சைக்கிள், குதிரைக்கு 'ஆன்'. காரணம் சொல்லாமல் வழக்கை மட்டும் தருகிறார். எழுந்து நின்று நடக்க இடமிருந்தால் 'ஆன்', உள்ளே புகுந்து உட்கார மட்டுமே முடிந்தால் 'இன்', மேலேறி அமர்வதற்கு 'ஆன்' என்று வைத்துக்கொண்டால் புத்தகத்தில் இல்லாத நம் ஆட்டோவுக்கும் விடை கிடைத்துவிடும்: 'இன் அன் ஆட்டோ'.

126ஆம் பாடம் போவதும் வருவதும். இதில் 'அரைவ்' பற்றிய பகுதியை மனப்பாடமே செய்யலாம்: ஊருக்கும் நாட்டுக்கும் 'அரைவ் இன்', ஸ்டேஷன், ஹோட்டல் போன்ற இடங்களுக்கு 'அரைவ் அட்', 'அரைவ் டு' கிடையவே கிடையாது. கூடவே நம் பேச்சில் ஊறிய இரண்டையும் கழற்றிவிட வேண்டும். 'ரீச்', 'என்டர்' இரண்டுக்கும் பின்னால் இடப்பெயர் நேராக வரும். 'ரீச் மதுரை', 'என்டர் தி ரூம்'. நடுவில் 'டு', 'இன்டு' எதுவும் வேண்டாம்.

இனி குறைகள். வழி சொல்லும்போது அதிகம் தேவைப்படும் 'ஆப்போசிட்', 'இன் ஃப்ரன்ட் ஆஃப்', 'பிஹைண்ட்', 'பிட்வீன்' ஆகியவற்றுக்கு நீல நூலில் தனிப் பாடமே இல்லை. இவை தொடக்க நிலையினருக்கான சிவப்பு அட்டை நூலான 'எசென்ஷியல் கிராமர் இன் யூஸ்'இல், 2015இன் நான்காம் பதிப்பில் 109ஆம் பாடமாக இருக்கின்றன. இது சின்ன விடுபடல் அல்ல. தமிழில் 'கோவிலுக்கு எதிரில்' என்றால் சாலைக்கு அந்தப் பக்கமும் ஆகலாம், கோவில் வாசலை ஒட்டிய இடமும் ஆகலாம். ஆங்கிலத்தில் சாலைக்கு அந்தப் பக்கத்து மருந்துக்கடை 'ஆப்போசிட் தி டெம்பிள்'. வாசலிலேயே நிற்கும் பூக்காரம்மா 'இன் ஃப்ரன்ட் ஆஃப் தி டெம்பிள்'. மாற்றிச் சொன்னால் டெலிவரிக்காரர் தவறான பக்கத்தில் வண்டியை நிறுத்துவார். 'ஆப்போசிட்' இப்படி வரும்போது பின்னால் 'டு' வேண்டியதில்லை என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

திசைகளுக்கும் தனிப் பாடம் இல்லை. கன்னியாகுமரி 'இன் தி சவுத் ஆஃப் இந்தியா', ஏனென்றால் நாட்டுக்குள் இருக்கிறது. மாலத்தீவு 'டு தி சவுத்வெஸ்ட் ஆஃப் இந்தியா', ஏனென்றால் வெளியே இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்காக எழுதும் ஆங்கிலத் தேர்வான ஐஈஎல்டிஎஸ் அகாடமிக்கில், எழுத்துத் தேர்வின் முதல் கேள்வியில் சில சமயம் வரைபடம் வரும். 20 நிமிடத்தில் குறைந்தது 150 சொல் எழுத வேண்டும். அதற்குத் தயாராவோர் நீல நூலை மட்டும் நம்பினால் இந்த இடத்தில் கை ஓடாது. சிவப்பு நூலின் 109ஆம் பாடத்தையும் திசைச் சொற்களையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

பயிற்சிகளில் இன்னொரு பலவீனம் உண்டு. ஒரு பாடத்தின் பயிற்சியில் விடை பெரும்பாலும் இன், ஆன், அட் என்ற மூன்று சொற்களுக்குள் அடங்கிவிடுகிறது. இடப்பக்கத்தை ஓரக்கண்ணால் பார்த்தே நிரப்பிவிடலாம். ஆகவே வரிசையை மாற்றுவது நல்லது. இடப்பக்கத்தை ஒரு தாளால் மூடி, வலப்பக்கத்தை முதலில் பென்சிலில் செய்யுங்கள். பிறகு விடைப்பகுதியைப் பாருங்கள். தவறியவற்றுக்கு மட்டும் விளக்கத்தைப் படியுங்கள். ஒரு வாரம் கழித்து, நூலின் பின்பகுதியில் உள்ள கூடுதல் பயிற்சிகளில் ப்ரிபொசிஷன் பகுதியை எடுங்கள். அங்கே சொற்கள் கலந்து வருவதால் ஊகம் எடுபடாது. விடைப்பகுதியில் சில வாக்கியங்களுக்கு இரண்டு விடை தந்திருப்பார்கள். அவற்றைத் தாண்டிப் போகாதீர்கள். 'இன்', 'அட்' இரண்டுமே பொருந்தும் இடங்களை அறிய அவைதான் வழி.

நூல் பிரிட்டிஷ் வழக்கைப் பின்பற்றுகிறது. அமெரிக்க நிறுவனத்துக்கு எழுதுவோர் 'இன் தி ஸ்ட்ரீட்' என்பதை 'ஆன் தி ஸ்ட்ரீட்' என்றும், 'இன் ஹாஸ்பிட்டல்' என்பதை 'இன் தி ஹாஸ்பிட்டல்' என்றும் மாற்றிக்கொள்ள வேண்டும். அமெரிக்க வழக்குக்குக் கடைசியில் ஒரு பின்னிணைப்பு உண்டு.

வாங்கும்போது அட்டையைப் பாருங்கள். விடைகள் உள்ளது, இல்லாதது என்று இருவகை வருகின்றன. தானே படிப்பவருக்கு விடை இல்லாத பதிப்பு உதவாது. 2012இன் நான்காம் பதிப்பிலும் இடத்துக்கான பாடங்கள் இதே எண்களில் இருப்பதால் பழைய பிரதியே போதும். பழைய புத்தகக் கடையில் எடுக்கும்போது 123ஆம் பாடத்தின் வலப்பக்கத்தைத் திறந்து பாருங்கள். பென்சில் எழுத்தென்றால் அழித்துக்கொள்ளலாம். பேனாவால் விடை நிரப்பியிருந்தால் அடுத்த பிரதியைக் கேளுங்கள்.