மலிவு விலை ‘2 டிபி எஸ்எஸ்டி’: வாங்கியவர்கள் ரிட்டர்ன் காலம் முடிவதற்குள் சோதித்துவிடுங்கள்

இணையக் கடைகளில் 1,500 ரூபாய்க்கும் 2,000 ரூபாய்க்கும் ‘2 டிபி எக்ஸ்டர்னல் எஸ்எஸ்டி’ (கணினியில் வெளியிலிருந்து செருகும், சுமார் 2,000 ஜிபி கொள்ளளவுள்ள சேமிப்புக் கருவி) என்று விற்கப்படும் கருவிகளை வாங்க வேண்டாம் என்று கேட்டுக்கொள்வதற்காகவே இந்தப் பதிவை எழுதுகிறேன். ஏற்கெனவே வாங்கி வைத்திருப்பவர்கள், அதில் முக்கியமான எதையும் சேமிப்பதற்கு முன் கீழே சொல்லியிருக்கும் சோதனையை ஒருமுறை செய்துவிடுங்கள். பெயருள்ள நிறுவனங்களின் 2 டிபி எஸ்எஸ்டி பத்தாயிரம் ரூபாய்க்குக் குறைவாகக் கிடைப்பதே அரிது. அதில் ஐந்தில் ஒரு பங்கு விலைக்கு அதே கொள்ளளவை யாராலும் நேர்மையாகத் தர முடியாது.

என் சித்தப்பா விருதுநகர் பக்கம் சிறிய போட்டோ ஸ்டுடியோ நடத்துகிறார். தை மாத முகூர்த்தங்களுக்கு முன், படங்களைச் சேமித்து வைப்பதற்காக இப்படிப்பட்ட ஒரு கருவியை 1,799 ரூபாய்க்கு வாங்கினார். விற்பனைப் பக்கத்தில் நான்கரை நட்சத்திர மதிப்பீடும் நூற்றுக்கணக்கான பாராட்டுரைகளும் இருந்தன. கணினியில் செருகியதும் உடனே திறந்தது, கொள்ளளவும் சரியாகவே தெரிந்தது. முதல் கல்யாணத்தின் படங்களை அதில் ஏற்றினார், பிறகு இரண்டாவது கல்யாணத்தின் படங்களையும் வீடியோக்களையும் ஏற்றினார். ஏற்றி முடித்தவுடன் நாலைந்து படங்களைத் திறந்து பார்த்த பிறகுதான் கேமரா கார்டை அடுத்த வேலைக்காக ஃபார்மட் செய்தார். ஒரு ஸ்டுடியோக்காரர் வழக்கமாக எடுத்துக்கொள்ளும் கவனம் எதிலும் அவர் குறை வைக்கவில்லை.

ஆல்பம் வடிவமைக்க உட்கார்ந்தபோது இரண்டாவது கல்யாணத்தின் படங்கள் ஒன்றுகூடத் திறக்கவில்லை. “தம்பி, பேரெல்லாம் இருக்கு, சைஸும் சரியா இருக்கு, திறந்தா மட்டும் எரர் வருது” என்று போனில் சொன்னார். நேரில் போய்ப் பார்த்தபோது அவர் சொன்னபடியேதான் இருந்தது. கோப்பின் பெயர், தேதி, அளவு எதிலும் குறையில்லை. ஒரு கோப்பை எச்எக்ஸ்டி என்ற இலவச மென்பொருளில் திறந்து, அதனுள் எழுதப்பட்டிருக்கும் பைட்டுகளை நேராகப் பார்த்தேன். ஒரு ஜேபெக் படம் எப்போதும் எஃப்எஃப் டி8 என்ற இரண்டு பைட்டுகளில்தான் தொடங்க வேண்டும். இங்கே முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை வெறும் பூஜ்யங்களே இருந்தன. ஒரே ஒரு படம் மட்டும் பாதி திறந்தது. அதன் மேல்பாதியில் மணவறையின் பூ அலங்காரமும் பின்னால் நிற்கும் உறவினர்களின் முகங்களும் தெளிவாகத் தெரிந்தன, கீழ்ப்பாதி முழுவதும் சாம்பல் நிறமாக இருந்தது. கருவியின் உண்மையான கொள்ளளவு அந்தப் படத்தின் நடுவில் தீர்ந்துபோயிருக்கிறது.

இந்த மோசடி நடக்கும் விதத்தைப் புரிந்துகொண்டால், ஏன் எத்தனையோ பேர் ஏமாறுகிறார்கள் என்பதும் புரியும். பென்டிரைவ், மெமரி கார்டு, எஸ்எஸ்டி ஆகிய ஒவ்வொன்றிலும் தகவலைத் தேக்கி வைக்கும் சிப்புடன், அதை நிர்வகிக்கும் கன்ட்ரோலர் ஒன்றும் இருக்கிறது. “உன் கொள்ளளவு என்ன?” என்று கணினி கேட்கும்போது பதில் சொல்வது இந்தக் கன்ட்ரோலர்தான், அது சொல்லும் பதிலைக் கணினி அப்படியே ஏற்றுக்கொள்கிறது. தொழிற்சாலையில் பயன்படும் மென்பொருளைக் கொண்டு கன்ட்ரோலரின் ஃபர்ம்வேரை, அதாவது அதற்குள் பதிந்திருக்கும் மென்பொருளை, மாற்றி எழுதிவிட்டால், 64 ஜிபி சிப் தன்னை 2 டிபி என்று அறிவித்துக்கொள்ளும். உண்மையான இடம் தீரும் வரை எல்லாம் சரியாகவே எழுதப்படும். அதன்பிறகு வரும் தகவலைச் சில கருவிகள் ஓசையில்லாமல் தூக்கி எறிந்துவிடுகின்றன, வேறு சில மறுபடியும் தொடக்கத்திலிருந்து எழுதி ஏற்கெனவே இருந்த நல்ல கோப்புகளையும் அழித்துவிடுகின்றன. இரண்டு வகையிலும் கணினிக்கு எந்தப் பிழைச் செய்தியும் போகாது. கோப்புகளின் பெயரும் அளவும் அடங்கிய பட்டியல் பெரும்பாலும் சிப்பின் தொடக்கப் பகுதியில் பதிவாவதால், ஃபோல்டரைத் திறந்தால் எல்லாம் பத்திரமாக இருப்பது போலவே தோன்றும்.

ஏற்றியவுடன் சித்தப்பா திறந்து பார்த்த படங்கள் மட்டும் எப்படித் திறந்தன என்ற கேள்வி எனக்கும் எழுந்தது. சற்று முன் எழுதிய தகவலின் ஒரு பகுதியை விண்டோஸ் கணினியின் தற்காலிக நினைவகமான ரேமிலேயே வைத்திருக்கும், உடனே கேட்டால் அங்கிருந்தே எடுத்துக் கொடுத்துவிடும். ஆகையால் நகலெடுத்ததைச் சரிபார்க்க வேண்டுமானால் கருவியை முறைப்படி வெளியேற்றி, கழற்றி, மறுபடியும் செருகிய பிறகுதான் பார்க்க வேண்டும். நகலெடுத்த பின் சரிபார்க்கும் வசதி டெராகாப்பி போன்ற மென்பொருள்களில் இருக்கிறது, விண்டோஸின் சாதாரணக் காப்பி-பேஸ்ட் அதைச் செய்வதில்லை என்பதைத் தொழில்முறையில் படம் எடுப்பவர்கள் அவசியம் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

நட்சத்திர மதிப்பீடுகள் இந்த வகைப் பொருளுக்கு ஏன் பயன்படாது என்பதற்கான காரணமும் இதிலேயே இருக்கிறது. வாங்கியவர் முதல் நாளில் செருகிப் பார்க்கிறார், 2 டிபி தெரிகிறது, நான்கு படங்களை ஏற்றிப் பார்த்துவிட்டு ஐந்து நட்சத்திரம் கொடுத்துவிடுகிறார். கருவியின் உண்மையான கொள்ளளவைத் தாண்டும்வரை அவர் எழுதியது பொய்யில்லை. அதைத் தாண்டுவதற்குப் பலருக்கு மாதக்கணக்கில் ஆகும், ரிட்டர்ன் காலமோ ஏழு நாட்களில் முடிந்துவிடுகிறது. இந்த இடைவெளியை நம்பித்தான் இவர்களின் வியாபாரமே நடக்கிறது.

கருவியைச் சோதிக்க உதவும் மென்பொருள்களில் முதலில் சொல்ல வேண்டியது எச்2டெஸ்ட்டபிள்யூ. ஜெர்மனியின் சி’டி கணினி இதழைச் சேர்ந்தவர்கள் உருவாக்கிய பழைய, இலவச விண்டோஸ் மென்பொருள் இது. இன்ஸ்டால் செய்யத் தேவையில்லை, திறந்ததும் முதலில் ஆங்கிலத்துக்கு மாற்றிக்கொள்ளுங்கள். கருவி முழுவதும் ஒரு ஜிபி அளவுள்ள சோதனைக் கோப்புகளை எழுதி நிரப்பிவிட்டு, பிறகு ஒவ்வொன்றையும் திரும்பப் படித்து, எழுதியதும் படித்ததும் ஒன்றுதானா என்று ஒப்பிடுகிறது. தோற்றம் மிகப் பழையது, வேகமும் கிடையாது. ஆனாலும் இதன் முடிவை நான் முழுமையாக நம்புகிறேன், ஏனென்றால் இது கருவி சொல்வதை எடுத்துக்கொள்ளாமல் கருவி செய்வதைச் சோதிக்கிறது. காலியாக இருக்கும் இடத்தை மட்டுமே சோதிக்கும் என்பதால், முதலில் கருவியைக் காலி செய்துவிட்டு இயக்க வேண்டும். போலிக் கருவிகள் வேகம் குறைந்தவை. நொடிக்கு 20 எம்பி வேகத்தில் 2 டிபி முழுவதையும் எழுத மட்டும் ஒரு நாளுக்கு மேல் ஆகிவிடும். அதற்குப் பதிலாக, முதலில் 150 ஜிபி மட்டும் எழுதிப் பார்க்கும்படி அளவைக் கொடுத்தால், எழுத இரண்டு மணி நேரமும் படிக்கச் சற்று நேரமும் போதும். அதிலேயே தோற்றுவிட்டால் மேற்கொண்டு சோதிக்க வேண்டியதில்லை, அதில் தேறினால் மட்டும் முழுச் சோதனையையும் செய்யுங்கள். சித்தப்பாவின் கருவியை நான் சோதித்தபோது, சுமார் 58 ஜிபி சரி, மீதி அனைத்தும் இழப்பு என்று முடிவு வந்தது.

அவசரத்துக்கு வேலிடிரைவ் உதவும். ஸ்டீவ் கிப்சனின் நிறுவனம் 2023இல் இலவசமாக வெளியிட்டது இது. கருவியின் தொடக்கத்திலிருந்து இறுதி வரை சம இடைவெளியில் 576 இடங்களை எழுதிப் படித்துப் பார்த்து, எங்கே உண்மையான சேமிப்பிடம் இருக்கிறது, எங்கே இல்லை என்பதைக் கட்டங்களாக நிறத்தில் காட்டிவிடும். பழைய தகவலைத் திரும்ப வைத்துவிடும் வகையில் எழுதப்பட்டிருந்தாலும், படங்கள் உள்ள கருவியில் எந்தச் சோதனையையும் செய்யாமல் இருப்பதே நல்லது. போலியா என்று விரைவில் தெரிந்துகொள்ள இது போதும். ஆனால் ஆங்காங்கே பழுதடைந்த சிப்பைக் கண்டுபிடிக்க எச்2டெஸ்ட்டபிள்யூவின் முழுச் சோதனையே வேண்டும். லினக்ஸ் பயன்படுத்துபவர்களுக்கு மிஷெல் மச்சாடோ எழுதிய எஃப்3 இருக்கிறது, கட்டளை வரியில் இயக்க வேண்டிய அதில் விரைவுச் சோதனை, முழுச் சோதனை இரண்டும் உண்டு.

கொள்ளளவு எண்ணிலும் ஒரு தடயம் இருந்தது. தயாரிப்பாளர்கள் ஆயிரத்தின் மடங்கிலும் விண்டோஸ் 1,024இன் மடங்கிலும் கணக்கிடுவதால், நேர்மையான 2 டிபி கருவி விண்டோஸில் 1.81 அல்லது 1.86 டிபி என்றுதான் தெரியும். அந்தக் குறைவைப் பார்த்து ஏமாற்றிவிட்டார்கள் என்று எண்ண வேண்டாம். சித்தப்பாவின் கருவி 1.95 டிபி காட்டியது. எல்லாப் போலிகளும் இப்படித் தவறிவிடும் என்று சொல்ல முடியாது என்றாலும், 2 டிபி எஸ்எஸ்டியில் இந்த எண் தெரிந்தால் அப்போதே சந்தேகப்படலாம்.

ஏமாற்று அத்துடன் முடியவில்லை. அருகிலிருந்த ஒரு டேட்டா ரெக்கவரி கடையில் கருவியைக் காட்டியபோது, “சார், சிப்பைக் கழட்டிப் படிச்சா எல்லாமே வந்துடும், பாதிப் பணம் முன்னாடியே கட்டிடுங்க, அது மட்டும் ரிட்டர்ன் கிடையாது” என்றார்கள். மொத்தம் 12,000 ரூபாய் கேட்டார்கள். உண்மையான கொள்ளளவைத் தாண்டிய தகவல் அந்தச் சிப்பில் ஒருபோதும் எழுதப்படவே இல்லை. எழுதப்படாததை உலகின் எந்த ஆய்வகத்தாலும் மீட்க முடியாது. இது அந்தக் கடைக்காரருக்குத் தெரியாமல் இருந்திருக்க முடியாது என்றே நினைக்கிறேன். கல்யாண வீட்டாருக்கு என்ன பதில் சொல்வது என்று கலங்கி நிற்பவரிடம் அவர் அப்படிப் பேசியது எனக்கு இன்றும் ஆறவில்லை.

மீட்க வழி இருந்த ஒரே இடம் கேமரா கார்டுதான். கேமராவில் செய்யும் சாதாரண ஃபார்மட் பெரும்பாலும் பட்டியலை மட்டுமே அழிக்கும், மேலே புதிதாக எழுதப்படும் வரை பழைய படங்கள் உள்ளேயே கிடக்கும். அந்தக் கார்டில் அதற்குப்பின் ஒரு காதுகுத்து மட்டுமே எடுத்திருந்தார் என்பதால், கிறிஸ்டோஃப் கிரெனியே எழுதிய ஃபோட்டோரெக் என்ற இலவச மென்பொருளை இயக்கினேன். மூலக் கார்டில் எதையும் எழுதாமல் படிக்க மட்டுமே செய்யும் என்பது இதன் பெரிய நன்மை. பழைய கோப்புப் பெயர்கள் கிடைக்காது, எல்லாம் எண்களாகவே வரும். மீட்கும் படங்களைக் கட்டாயம் வேறு டிஸ்கில்தான் சேமிக்க வேண்டும். முகூர்த்தப் படங்களில் பெரும்பகுதி கிடைத்தது, வரவேற்பின் படங்களும் வீடியோவும் போனது போனதுதான். சித்தப்பா அந்தக் குடும்பத்தாரிடம் நடந்ததைச் சொல்லி, வாங்கிய முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

விற்றவர் முதலில் பதிலே தரவில்லை, இணையக் கடையோ ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்ற ஒரே வாக்கியத்தைத் திரும்பத் திரும்ப அனுப்பியது. இந்தியாவில் இருப்பவர்கள் இந்த இடத்தில் பின்வாங்க வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்பு மின்வணிக விதிகளின்படி, போலியான பொருளையோ விளம்பரத்தில் சொன்ன தன்மை இல்லாத பொருளையோ விற்றவர் திரும்பப் பெற மறுக்கக் கூடாது. இணையக் கடையின் குறைதீர் அலுவலர் புகாரை 48 மணி நேரத்துக்குள் ஏற்றுக்கொண்டதாகத் தெரிவித்து, ஒரு மாதத்துக்குள் தீர்வு காண வேண்டும். வாடிக்கையாளர் சேவைச் சாட்டில் பேசிக்கொண்டிருக்காமல், கடையின் தளத்தில் தேடி அந்த அலுவலரின் மின்னஞ்சலுக்கே எழுதினோம். பில், விற்பனைப் பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட், எச்2டெஸ்ட்டபிள்யூவின் முடிவு மூன்றையும் இணைத்தோம். 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணிலும் புகாரைப் பதிவு செய்து, அந்தப் பதிவு எண்ணையும் சேர்த்து அனுப்பிய பிறகுதான் பணம் திரும்பி வந்தது. அப்படியும் வராவிட்டால் மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் வழக்குத் தொடரலாம், ஐந்து லட்சம் ரூபாய் வரையிலான பொருளுக்கு அங்கே கட்டணம் இல்லை.

புகார் முடியும் வரை கருவியைத் திறக்காதீர்கள், நீங்களே சேதப்படுத்தியதாக விற்றவர் சொல்ல அது இடம் கொடுத்துவிடும். பணம் வந்த பின்னும் அவர்கள் கருவியைத் திருப்பிக் கேட்காததால் நான் திறந்து பார்த்தேன். உலோக நிறம் பூசிய பிளாஸ்டிக் கூட்டுக்குள், கனமாகத் தோன்றுவதற்காக ஓர் இரும்புத் தகடு ஒட்டப்பட்டிருந்தது. அதன்மேல் தபால்தலை அளவிலான ஒரு போர்டும், அதன் சாக்கெட்டில் பெயரில்லாத ஒரு மைக்ரோ எஸ்டி கார்டும் இருந்தன. கார்டு கழன்றுவிடாமலிருக்க அதன்மேல் சூடான பசையை ஊற்றியிருந்தார்கள். எஸ்எஸ்டி என்று சொல்லத்தக்க எதுவும் உள்ளே இல்லை.

அந்த விற்பனைப் பக்கம் இப்போது நீக்கப்பட்டுவிட்டது. அதே கூடு, அதே விளம்பரப் படங்களுடன் வேறொரு விற்பனையாளர் பெயரில் அதே கடையில் மறுபடியும் வந்திருக்கிறது, இம்முறை ‘4 டிபி’ என்று போட்டிருக்கிறார்கள், விலை 2,199 ரூபாய். அதையும் குறைதீர் அலுவலருக்குத் தெரிவித்திருக்கிறேன். இப்படிப்பட்ட கருவி உங்கள் கையில் இருந்தால், அதிலுள்ள கோப்புகளை வேறொரு டிஸ்குக்கு மாற்றி ஒவ்வொன்றும் திறக்கிறதா என்று பாருங்கள், பிறகு அதைக் காலி செய்து இன்றிரவே 150 ஜிபி சோதனையை ஓடவிடுங்கள், ரிட்டர்ன் தேதி எப்போது முடிகிறது என்பதையும் பில்லில் பார்த்துக்கொள்ளுங்கள்.